2025 செப்டம்பர் 15-க்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தேதியைப் பற்றியவை. வழக்கமாக ஜூலை 31-இல் முடிகிற தனிநபர் வருமான வரிக் கணக்குத் தாக்கலை, மத்திய நேரடி வரிகள் வாரியம் இந்த 2025-ஆம் ஆண்டில் செப்டம்பர் 15-க்குத் தள்ளி வைத்திருப்பதாக மே 27 அன்றே அறிவித்துவிட்டது. ஆறரை வாரம் கூடுதலாகக் கிடைத்தது என்று ஊரில் பேச்சு. கணக்கு எழுதிக் கொடுக்கிறவர்களின் மேசையில் நடப்பதோ வேறு. ஆகவே இம்முறை அவர்களிடமிருந்தும், அவர்களிடம் காகிதக் கட்டோடு போகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பண விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். எனக்கும் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே தொழில் என்பதால், சில இடங்களில் பதில் சற்று நீண்டுவிட்டது.

ஐயா, மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஜூலை கடைசி வாரத்தில் ஐந்து நாள்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். இவ்வாண்டு தேதி தள்ளிப்போனதால் நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் ஆகஸ்ட் முடியும் முன்பே மூச்சு முட்டுகிறது. மற்ற அலுவலகங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— வாசகி, திருமங்கலம்

தேதி தள்ளிப்போனதால் வேலை குறையவில்லை; அது நகர்ந்து வேறு வேலைகளின் தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. செப்டம்பர் 7-க்குள் பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி, மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம். 15-ஆம் தேதி, நம் கணக்குத் தாக்கலோடு சேர்ந்து, முன்கூட்டிக் கட்டும் வரியின் இரண்டாம் தவணையும் ஊழியர் வைப்பு நிதியும். 20-ஆம் தேதி, மாத ஜிஎஸ்டி வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம். 30-ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கை. போதாக்குறைக்கு இது ஆவணி மாதம். புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் கல்யாணம் வைத்திருப்பதால், உங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேராவது விடுப்புக் கேட்டிருப்பார்கள்.

சமாளிக்கிற அலுவலகங்களில் நான் கண்ட முதல் வழக்கம், கட்டுகளை வந்த நாள் வரிசைப்படி எடுக்காமல், கேள்வி எழும்பும் வரிசைப்படி எடுப்பது. முதலாளி தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 மட்டும் உள்ள சம்பளக்காரரின் கணக்கைப் பார்த்தவுடன் அரை மணியில் முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முடித்தோம் என்று எண்ணிக்கை காட்டவும் அது உதவும். ஆனால் மனை விற்றவர், பங்கு விற்றவர், இரண்டு வேலை மாறியவர் ஆகியோரின் கட்டில் ஏதாவது ஒரு காகிதம் கட்டாயம் குறையும். அந்தக் காகிதம் வங்கியிலிருந்தோ பங்குத் தரகரிடமிருந்தோ பழைய முதலாளியிடமிருந்தோ வந்து சேரப் பத்து நாளாகும். எனவே கடினமான கட்டுகளை முதலில் பிரித்துப் பார்த்து, என்ன குறைகிறது என்று கேட்டு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை எளியவற்றை முடிப்பதே சரியான முறை. இதைத் தலைகீழாகச் செய்கிற அலுவலகத்தில்தான் 13-ஆம் தேதி இரவு அத்தனை கடினமான கட்டுகளும் ஒன்றாக மேசையில் கிடக்கும்.

இரண்டாவது, குறைகளுக்கென்று ஒரு நீள நோட்டு. கணினியில் எத்தனை பட்டியல் வைத்திருந்தாலும், யாரிடம் எந்தக் காகிதம் கேட்டோம், என்றைக்குக் கேட்டோம், என்ன சொன்னார் என்ற மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைத்த நோட்டுக்கு ஈடில்லை. தொலைபேசியை ஒருவர் மட்டும், பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரை பேசட்டும். நான்கு பேரும் நாள் முழுவதும் பேசினால் ஒருவரும் கணக்கு எழுதவில்லை என்று பொருள். கீழமாசி வீதிக் கடைக்காரர்கள் பலர் எழுத்தில் அனுப்பும் செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதால், வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பிவிடுவது நல்லது. ‘அண்ணாச்சி, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மார்ச் மாதப் பக்கம் இல்லை’ என்று பெயர் சொல்லி ஒரே ஒரு காகிதத்தைக் கேளுங்கள். ‘மீதி விவரங்களை அனுப்பவும்’ என்று கேட்டால் எதுவும் வராது.

மூன்றாவது, வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலோடு சண்டை போடாமல் இருப்பது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 31 ஒரே நாளில் நாடு முழுவதும் 72 லட்சத்துக்கு மேல் கணக்குகள் தாக்கலாயின. 2024-இல் அதே நாளில் கிட்டத்தட்ட 70 லட்சம். அத்தனை பேரும் ஒரே வாசலில் நெருக்கும்போது நம் ஒருவரின் அவசரத்துக்கு அது வழிவிடாது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், ஆண்டின் பணப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் இரண்டையும், முன்கூட்டி நிரப்பப்பட்ட விவரங்களையும் விடியற்காலையில் மொத்தமாக இறக்கிவைத்துக்கொண்டு, பகலில் இணையம் இல்லாமலே மென்பொருளில் கணக்கைத் தயாரித்து, மறுநாள் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஏற்றிவிடுவது எங்கள் அலுவலகத்தின் பழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் என்றைக்குப் பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது என்பதையும் நாளிதழில் பார்த்துக் குறித்துவையுங்கள். யுபிஎஸ் இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.

தாக்கல் செய்த கணக்கை உறுதிப்படுத்தக் கைப்பேசிக்கு வரும் ஓடிபி ஒரு தனிக் கதை. ஆதாரோடு இணைந்த எண் மகனிடம் இருக்கும், மகன் துபாயில் இருப்பார், ஓடிபியின் ஆயுளோ பதினைந்து நிமிடம். இதற்காக இரவு பத்து மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கணக்கைத் தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் சரிபார்ப்பு முடிந்தால் தாக்கல் செய்த நாளே கணக்கில் கொள்ளப்படும்; வங்கிக் கணக்கு வழியாகவும் சரிபார்க்கலாம். அதுவும் முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுத் துறையின் பெங்களூரு மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். ஆனால் தாக்கலோடு வேலை முடிந்தது என்று மறந்துவிடாமல், சரிபார்க்காதவர்களின் பட்டியலையும் அதே நீள நோட்டில் எழுதிவையுங்கள். 30 நாளுக்குப் பின் சரிபார்த்தால் அந்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகிவிடும்.

இரவு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை பதினொன்றரை மணிக்கு, அண்ணன் தம்பி இருவர் கணக்கில், தம்பியின் வாடகை வருமானத்தை அண்ணன் பெயரில் ஏற்றிவிட்டோம்; இருவருக்கும் ஒரே தலைப்பெழுத்து, ஒரே தெரு. என் கண் முன்னால்தான் நடந்தது, நான்தான் ‘சரி, ஏற்று’ என்றேன். திருத்தக் கணக்குப் போட்டுச் சரிசெய்தோம் என்றாலும், அதன்பின் இரவு ஒன்பதுக்கு மேல் எதையும் ஏற்றக் கூடாது என்று விதி வைத்துவிட்டேன். தயாரிக்கலாம், சரிபார்க்கலாம், ஏற்றுவது மட்டும் காலையில், அதுவும் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்த பிறகு. மதுரையைத் தூங்கா நகரம் என்பது இட்லிக் கடைகளுக்குப் பொருந்தும். பதினான்கு மணி நேரம் எண்களைப் பார்த்த கண்ணுக்குப் பொருந்தாது.

புட்டுத் திருவிழா நடக்கிற மாதம் இது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் அளந்து கொடுத்த பங்கில், வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது என்பார்கள். உங்கள் அலுவலகத்திலும் கரையை அளந்து கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னாருக்கு இந்த நாற்பது கட்டு என்று பெயர் எழுதிப் பிரிக்காமல், ‘எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டிருந்தால், உங்களைப் போன்ற இளையவர்கள் தலையில்தான் அத்தனையும் விழும். பங்கைப் பிரித்துத் தரும்படி நீங்களே கேட்கலாம், அதில் தவறில்லை. கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுவேன் என்பதையும் இப்போதே, செப்டம்பர் பிறப்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள். 14-ஆம் தேதி சொன்னால் அது கோபமாகத் தெரியும்.

மேலூரில் சிறிய அலுவலகம் வைத்து, நான் ஒருவனும் ஒரு பையனுமாக ஆண்டுக்கு இருநூற்றைம்பது ரிட்டர்ன் போடுகிறோம். ஜூன் மாதம் முழுவதும் ஈ ஓட்டுகிறேன்; கடைசி வாரத்தில் வாசலில் வரிசை நிற்கிறது. எல்லோரும் மாமன், மச்சான், பங்காளி. மறுக்கவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை.
— வாசகர், மேலூர்

பங்காளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் கோயில் வாசலில் அவர் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்கும் தெரியும். எனவே மறுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். வாசலில் யார் முதலில் வந்தார், யார் உரக்கப் பேசுகிறார் என்பதை விட்டுவிட்டு, தேதி தவறினால் யாருக்கு என்ன போகும் என்று கேளுங்கள்.

தேதி தவறினால் எல்லோருக்கும் ஒரே நட்டம் இல்லை. மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பவர் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். வரியே இல்லாத அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வரி பாக்கி இருப்பவருக்கு மாதம் ஒரு சதவீத வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம்தான். ஆனால் உண்மையான அடி வேறு இரண்டு பேருக்கு விழுகிறது. வியாபாரத்திலோ பங்குச் சந்தையிலோ நட்டப்பட்டவர், கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமையை இழக்கிறார். வீட்டுக் கடன், காப்பீடு, சேமிப்பு என்று கழிவுகளை நம்பிப் பழைய வரி முறையில் இருக்க விரும்பும் சம்பளக்காரர், தேதி தாண்டினால் அந்தக் கழிவுகள் பெரும்பாலும் இல்லாத புதிய முறைக்குள் தள்ளப்படுகிறார். சிலருக்கு அந்த வித்தியாசம் ஐந்தாயிரம் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. இந்த இரு வகையினரும், பிள்ளையின் கல்விக் கடனுக்காக உடனே கணக்கு நகல் தேவைப்படுகிறவர்களும் முன்னால் நிற்கட்டும். வங்கி பிடித்த ஆயிரத்து எண்ணூறு ரூபாயைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும் கணக்குப் போடுகிற, வரம்புக்குள் வருமானம் உள்ள பெரியவரிடம், ‘மாமா, உங்களுக்கு டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது, தாமதக் கட்டணம் எதுவும் வராது, அக்டோபரில் வாருங்கள், உட்கார்ந்து பேசிக்கொண்டே போடுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் கணக்கை நீங்கள் தனியாக நினைத்துப் பார்த்தீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

அடுத்து, உங்களுக்கென்று ஒரு தேதி வையுங்கள். செப்டம்பர் 5-க்குள் முழுக் காகிதமும் தந்தவர்களுக்கு 15-க்குள் முடித்துத் தருவது உங்கள் பொறுப்பு. அதற்குப் பின் வருபவர்களுக்கு முயற்சி மட்டுமே என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். வாயால் சொன்னால் ‘எனக்குமா?’ என்பார்கள்; அட்டையோடு யாரும் வாதாடுவதில்லை. அடுத்த ஆண்டு முதல் ஜூனில் வருகிறவருக்குக் கட்டணத்தில் ஐம்பதோ நூறோ குறைத்துக்கொள்ளுங்கள். பிந்தி வருகிறவரிடம் கூட்டி வாங்குவதைவிட முந்தி வருகிறவருக்குக் குறைப்பது நம் ஊருக்குப் பொருந்துகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நெருக்கடியில் உத்தேசமாக ஏதோ ஒரு தொகையைப் போட்டு ஏற்றிவிட்டு, டிசம்பருக்குள் திருத்திக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருத்தக் கணக்கு டிசம்பர் 31 வரை போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதி தவறியவருக்கு. தெரிந்தே அரைகுறையாகப் போடுகிறவர் அந்தக் கட்டை மறுபடி தொடுவதே இல்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். ஆண்டுக்கு நான்கு கோடிக்குப் பக்கமாக விற்றுவரவு. பாதிக்கு மேல் ரொக்கம். ஜூன் மாதமே டேலி கணக்கையும் எல்லாப் பில்லையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டேன். இன்றுவரை ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்கிறார்கள். முதலில் கொடுத்த என்னைக் கடைசியில் நிறுத்துவது நியாயமா?
— வாசகர், மதுரை

உங்கள் ஆடிட்டர் செய்வது சரி. உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. விற்றுவரவு இந்த அளவில் இருந்து, வரவு செலவில் ரொக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால், உங்கள் கணக்கு வரித் தணிக்கைக்கு உட்பட்டது. அப்படியானால் செப்டம்பர் 15 உங்களுக்குக் கடைசித் தேதியே இல்லை. தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 31. உங்களை ஓரமாக வைத்துவிட்டு 15-ஆம் தேதிக்காரர்களை முடிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறு கடைக்காரர்கள், விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச லாப முறையில் போடும் ஐடிஆர்-4 படிவத்துக்கான மென்பொருள் மே கடைசியில் வந்துவிட்டது. முழுக் கணக்கு எழுதும் வியாபாரிகளுக்கான ஐடிஆர்-3-க்கு உரியது ஜூலை 11 அன்றுதான் வந்தது. நீங்கள் ஜூனில் கொடுத்தபோது நிரப்புவதற்கு இடமே இல்லை. ஆனாலும் ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் உங்கள் ஜிஎஸ்டி விற்பனையையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் பலரிடம் பதில் இல்லை. தணிக்கை வேலையில் நேரம் தின்பது அந்த ஒப்பீடுதான். தணிக்கை அறிக்கைக்கான 3சிடி படிவத்தை நிரப்புவது அதற்குப் பிறகு. இந்த வாரமே போய், ஒப்பீடு முடிந்ததா, எந்த மாதத்தில் வித்தியாசம் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் கிடைத்தால் உங்கள் வேலை நடக்கிறது.

தாக்கல் உங்களுக்குத் தள்ளி இருந்தாலும் செப்டம்பர் 15 உங்களையும் விடாது. நடப்பு ஆண்டின் உத்தேச வரியில் 45 சதவீதம் அன்றைக்குள் கட்டியாக வேண்டும். கூட்ட நெரிசலில் உங்கள் ஆடிட்டர் அதை நினைவூட்ட மறக்கக்கூடும்.

1994-இல் வாங்கிய மனையைச் சென்ற அக்டோபரில் 15 லட்சத்துக்கு விற்றேன். கணக்கு எழுதுகிறவர் இப்போது வந்து, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்த 2001-ஆம் ஆண்டின் வழிகாட்டி மதிப்பு வேண்டும் என்கிறார். விற்ற பத்திரமே இருக்கும்போது கால் நூற்றாண்டுக்கு முந்தைய காகிதம் எதற்கு? கடைசி நேரத்தில் அலையவைக்கிறாரோ?
— வாசகி, அலங்காநல்லூர்

அலையவைக்கவில்லை அம்மா, உங்கள் பணத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். 2024 ஜூலை 23-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ மனை விற்றவர்களுக்கு, அந்த நாளுக்கு முன்பே வாங்கிய சொத்தாக இருந்தால், இரண்டு வழிகள் உண்டு. விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமல் லாபத்தில் 12.5 சதவீதம் கட்டலாம். அல்லது சேர்த்துக் கணக்கிட்டு 20 சதவீதம் கட்டலாம். எது குறைவோ அதுவே உங்கள் வரி. 2001-க்கு முன் வாங்கிய மனைக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். அன்றைய மதிப்பு 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசிக் குறியீடு 100-இலிருந்து 363 ஆகியிருப்பதால் அது 3.63 லட்சம் ஆகும், லாபம் 11.37 லட்சம், 20 சதவீதம் என்றால் வரி 2,27,400 ரூபாய். மற்ற வழியில் லாபம் 14 லட்சம், வரி 1,75,000. 12.5 சதவீத வழியே லாபகரம். அன்றைய மதிப்பு 3 லட்சம் என்று காகிதம் சொன்னால் கதை மாறிவிடும்: அது 10.89 லட்சமாகி, லாபம் 4.11 லட்சமாகச் சுருங்கி, வரி 82,200-இல் நின்றுவிடும்; 12.5 சதவீத வழியிலோ 1,50,000 ஆகும். (வரியின் மேல் கூடும் செஸ் தனி.) ஆக அந்த ஒரு தாளில் உங்களுக்கு அறுபது, எழுபதாயிரம் ரூபாய் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சர்வே எண்ணோடு போய்க் கேளுங்கள், நாளைக்கே போங்கள். உங்களிடம் ஜூனிலேயே அவர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். முதல் பதிலில் கடினமான கட்டை முதலில் பிரியுங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் பலர் ஒருவரிடம் கணக்குக் கொடுக்கிறார்கள். பிடித்த வரியில் பெரும் பகுதியை ரீஃபண்ட் வாங்கித் தருகிறார். வந்த தொகையில் பத்து சதவீதம் அவருக்கு. காகிதம் எதுவும் கேட்பதில்லை, கடைசி நாளில் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். எங்கள் ஆடிட்டர் மட்டும் ஏன் இவ்வளவு இழுக்கிறார்?
— வாசகர், வாடிப்பட்டி

காகிதம் கேட்காததால்தான் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. இல்லாத வாடகை, கொடுக்காத நன்கொடை, அரசியல் கட்சிக்குக் கொடுத்ததாக ஒரு தொகை, இல்லாத கல்விக் கடன் வட்டி என்று கட்டங்களை நிரப்புவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இந்த ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இத்தகைய இடைத்தரகர்களைச் சோதனையிட்டது. அதையொட்டி வெளியான அறிவிப்பில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்யான கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். இவ்வாண்டுப் படிவத்தில் காப்பீட்டுப் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், வாடகையின் விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். உங்கள் ஆடிட்டர் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சதவீதக் கூலி என்றாலே விலகிவிடுங்கள். ரீஃபண்டில் பங்கு வாங்குவது பட்டயக் கணக்காளருக்கு அவர்களது நிறுவன விதிப்படியே தடை. வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு அபராதம் அந்த வரியில் 200 சதவீதம் வரை போகும், அது உங்கள் பெயரில்தான் வரும். பத்து சதவீதம் வாங்கியவர் தம் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார். உங்கள் சக ஆசிரியர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: போர்ட்டலில் தங்கள் பெயரில் நுழைந்து, அதில் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் தங்களுடையவைதானா என்று பார்க்கட்டும். இப்படிப்பட்டவர்கள் தாங்களே உண்டாக்கிய மின்னஞ்சலைப் போட்டுவிடுவதால், துறை அனுப்பிய அறிவிப்பு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. நேர்மையாகக் கணக்கு எழுதுகிறவரிடம் கொடுத்திருந்தாலும், வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது நல்லது.

செப்டம்பர் 15-உம் தள்ளிப்போகும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், உசிலம்பட்டி

இதை எழுதும் 2025 ஆகஸ்ட் இறுதிவரை அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை. 2021-இல் கொரோனாவால் முதலில் செப்டம்பர் 30 என்றும், புதிய போர்ட்டல் தடுமாறியபோது டிசம்பர் 31 என்றும் தள்ளினார்கள். அந்த நினைவில்தான் இன்றும் பலர் காத்திருக்கிறார்கள். ஆனால் 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஜூலை 31 அசையவில்லை. ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: தாக்கல் தேதி தள்ளிப்போனாலும், முன்கூட்டிக் கட்டாமல் விட்ட வரிக்கான வட்டி ஏப்ரல் முதல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வரி பாக்கி இருந்தால் இன்றைக்கே கட்டிவிட்டு, தாக்கலை வேண்டுமானால் நாளைக்குச் செய்யுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்பதைக் காட்டி, இப்போது போட வேண்டாம் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்பா வரி ஆலோசகர், வயது 61, சர்க்கரை உண்டு. செப்டம்பர் என்றால் அம்மாவுக்குப் பயம். சாப்பாட்டை மறந்துவிடுகிறார், மாத்திரையையும். நான் கல்லூரியில் படிக்கிறேன், கணக்கு தெரியாது. எப்படி உதவுவது?
— வாசகி, மதுரை

கணக்கு தெரியாதது நல்லது. தெரிந்தால் உங்களையும் உட்காரவைத்துவிடுவார். வயதும் சர்க்கரையும் எனக்கும் அதே அளவுதான் என்பதால், எனக்கு என் மகள் செய்வதைச் சொல்கிறேன். மாத்திரையில் ஒரு பங்கை அலுவலக மேசையின் இழுப்பறையிலேயே வைத்துவிடுகிறாள். சாப்பாட்டை அனுப்பாமல் தானே எடுத்து வருகிறாள், ஏனென்றால் அனுப்பிய டப்பா இரவு வரை மூடியே இருக்கும், எதிரில் ஆள் உட்கார்ந்தால் திறந்தாக வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்துக்கு அழைக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ‘என்னுடையது முடிந்ததா?’ என்று கேட்கத்தான் அழைப்பார்கள்; பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ‘காலையில் அப்பாவே கூப்பிடுவார்’ என்று சொல்லிவிட்டால் போதும். மீதி இரண்டு பேர் ஓடிபி சொல்ல அழைப்பவர்கள். அவர்களை மட்டும் உடனே அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள், பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது.